911 அழைத்தால் முதலில் வரும் தீயணைப்பு வண்டி: செலவை யார் ஏற்கிறார்கள், ஒப்பந்தம் எப்படி எழுதப்படுகிறது?

கலிஃபோர்னியாவில் குடியிருக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. வீட்டில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்து அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்தபோது முதலில் வந்தது நகராட்சியின் தீயணைப்பு வண்டி. சில நிமிடங்கள் கழித்துத் தனியார் ஆம்புலன்ஸ் வந்து நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றது. நெருப்பே இல்லாத இடத்துக்குத் தீயணைப்பு வண்டி ஏன் வருகிறது, அதன் செலவை யார் ஏற்கிறார்கள், இப்போது அவருடைய நகர மன்றம் முதலில் வரும் குழுவுக்கென்று தனிக் கட்டணம் விதிக்கப்போவதாகச் சொல்வது நியாயம்தானா என்பவை அவருடைய கேள்விகள்.

சுருக்கமான விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். அமெரிக்காவில் காப்பீடும் அரசின் மருத்துவத் திட்டங்களும் நோயாளியை ஏற்றிச்செல்வதற்குத்தான் பணம் தருகின்றன. விரைந்து வந்து உயிரைத் தாங்கிப் பிடிப்பதற்குத் தருவதில்லை. அந்த வேலைக்கான பணத்தை உள்ளூராட்சிகள் சொத்து வரியிலிருந்தோ, தனி வரியிலிருந்தோ, ஆம்புலன்ஸ் நிறுவனத்தோடு செய்துகொள்ளும் ஒப்பந்தத்திலிருந்தோ, கட்டணத்திலிருந்தோ தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. உங்கள் நகர மன்றம் கொண்டுவரும் கட்டணம் நியாயமானதா என்பதைத் தொகையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. இந்த வழிகளில் எவையெல்லாம் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கின்றன என்பதைப் பொறுத்தே அதற்கு விடை சொல்ல முடியும்.

முதியவர்களுக்கான கூட்டாட்சி அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் திட்டத்தின் ஆம்புலன்ஸ் கட்டண அட்டவணை 2002-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, மிகச் சில விதிவிலக்குகளைத் தவிர, நோயாளி வண்டியில் ஏற்றப்பட்டு ஏற்கத்தக்க ஓர் இடத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டால்தான் பணம் கிடைக்கும். சர்க்கரை குறைந்து மயங்கிக் கிடப்பவருக்கு வீட்டிலேயே குளுக்கோஸ் ஏற்றி எழுந்து உட்காரவைத்துவிட்டுத் திரும்பும் குழுவுக்கு, அது எவ்வளவு நல்ல மருத்துவமாக இருந்தாலும், மெடிகேரிலிருந்து ஒரு காசும் வராது. இதை மாற்றிப் பார்க்க 2021-இல் ஒரு சோதனைத் திட்டம் தொடங்கப்பட்டு, 2023 முடிவில் நிறுத்தப்பட்டது. தனியார் காப்பீட்டு நிறுவனங்களும் பெரும்பாலும் இதே வழியைத்தான் பின்பற்றுகின்றன.

ஆனால், முதலில் வரும் குழுவின் செலவு அழைப்புகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது அல்ல. ஒரு தீயணைப்பு வண்டியில் மூன்று பேர் இருபத்துநான்கு மணி நேரமும் இருக்க வேண்டுமென்றால், மூன்று முறைப்பணிகளுக்குமாக ஒன்பது பேர் வேண்டும். விடுப்பையும் பயிற்சியையும் கணக்கில் எடுத்தால் அதற்கும் மேலே ஆட்கள் தேவை. அன்று பத்து அழைப்பு வந்தாலும் ஒன்றுகூட வராவிட்டாலும் சம்பளம் ஒன்றுதான். இதைத் தயார்நிலைச் செலவு என்பார்கள். தயார்நிலைக்கு ஆகும் செலவை ஏற்றிச்செல்லும் கட்டணத்திலிருந்து ஈடுகட்ட முயல்வதுதான் இத்துறையின் பெரும்பாலான பணச் சிக்கல்களுக்கு வேர் என்பது என் கருத்து.

இந்த வேலை தீயணைப்புத் துறையிடம் வந்துசேர்ந்ததற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1966-இல் தேசிய அறிவியல் கழகம் விபத்து மரணங்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டபோது, நாட்டின் ஆம்புலன்ஸ் சேவையில் ஏறக்குறைய பாதியை இறுதிச்சடங்கு நிலையங்கள் நடத்திக்கொண்டிருந்தன. படுத்த நிலையில் ஆளைக் கொண்டுசெல்லக்கூடிய வண்டி அவர்களிடம் இருந்தது என்பதே காரணம். 1973-இல் கூட்டாட்சி அரசு ஒரு சட்டம் இயற்றி வட்டாரங்களுக்கு நேரடி மானியம் கொடுத்தது. 1981-இல் அந்த மானியம் மாநிலங்களுக்கான பொதுத் தொகுப்பு நிதியில் கரைந்துபோனது. அதன் பிறகு ஒவ்வொரு மாநிலமும், மாநிலத்துக்குள் நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவான ஒவ்வொரு கவுண்டியும் தனித்தனி வழியைத் தேடிக்கொண்டன. இதற்கிடையில், கட்டடங்களில் தீ குறைந்து, நிலையங்கள் ஊரெங்கும் பரவலாக இருந்ததால், இதயம் நின்றவரிடம் நான்கைந்து நிமிடத்தில் போய்ச்சேரக்கூடிய ஒரே அரசுக் குழு தீயணைப்புக் குழுதான் என்ற நிலை உருவானது. இன்று பெரும்பாலான நகரங்களில் தீயணைப்புத் துறைக்கு வரும் அழைப்புகளில் பெரும்பகுதி மருத்துவ அழைப்புகளே.

கலிஃபோர்னியாவில் இதற்கு மேல் ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது. 1980-இல் இயற்றப்பட்ட மாநில அவசர மருத்துவச் சட்டம் பொறுப்பைக் கவுண்டி அளவிலான முகமையிடம் கொடுத்தது. அதன் 1797.224 ஆம் பிரிவு, ஒரு பகுதியை ஒரே ஆம்புலன்ஸ் நிறுவனத்துக்கு மட்டும் ஒதுக்கிக் கொடுக்கக் கவுண்டிக்கு வழி செய்கிறது. 1981-க்கு முன்பிருந்தே அதே முறையில் சேவை செய்துவரும் நிறுவனங்களைத் தவிர மற்றவர்களுக்குக் குறிப்பிட்ட கால இடைவெளியில் போட்டி ஒப்பந்தப்புள்ளி கோர வேண்டும். ஆனால் 1797.201 ஆம் பிரிவு, 1980 ஜூன் 1 அன்று ஏற்கெனவே இந்தச் சேவையை அளித்துவந்த நகரங்களும், தீயணைப்புக்கென்றே அமைந்த உள்ளூராட்சிகளான தீயணைப்பு மாவட்டங்களும், கவுண்டியோடு ஒப்பந்தம் எழுதும்வரை தம் நிர்வாகத்தைத் தாமே வைத்துக்கொள்ளலாம் என்கிறது. எழுதியவர்கள் இதை இடைக்கால ஏற்பாடாக நினைத்திருக்கக்கூடும். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் பல நகரங்கள் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமலே இருக்கின்றன; கையெழுத்திட்டால் உரிமை போய்விடும் என்ற அச்சம் அவற்றுக்கு. இதனால் சான் பெர்னார்டினோ கவுண்டிக்கும் அதே பெயருள்ள நகரத்துக்கும் எழுந்த வழக்கு மாநில உச்ச நீதிமன்றம்வரை போய், மருத்துவக் கட்டுப்பாடு கவுண்டி முகமையிடமே இருக்கும் என்று 1997-இல் தீர்ப்பானது. உங்கள் தெருவுக்கு வரும் ஆம்புலன்ஸ் கவுண்டியின் ஒப்பந்ததாரராகவும், தீயணைப்பு வண்டி நகராட்சியுடையதாகவும் இருப்பதற்கு இந்த இரட்டை அமைப்பே காரணம்.

இனி, இந்த இரண்டையும் பணத்தால் இணைக்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்; ஒப்பந்தங்களின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது.

பல கவுண்டிகளின் ஒப்பந்தங்களில் நகர்ப்புறத்தில் ஆம்புலன்ஸ் 8 நிமிடம் 59 விநாடிக்குள், நூற்றுக்குத் தொண்ணூறு அழைப்புகளில் வந்துசேர வேண்டும் என்று இருக்கும். 1970-களின் இறுதியில் சியாட்டில் பகுதியில் இதயம் நின்றுபோன நோயாளிகளைப் பற்றி நடந்த ஆய்வுகள், மார்பை அழுத்துவது போன்ற அடிப்படை உயிர்காப்பு நான்கு நிமிடத்திலும், மேல்நிலை அவசரச் சிகிச்சை தரும் பாராமெடிக் எட்டு நிமிடத்திலும் கிடைத்தவர்கள் அதிகம் பிழைத்தார்கள் என்று காட்டியதிலிருந்து வந்த கணக்கு இது. எட்டு நிமிடத்துக்குள் எங்கும் போய்ச்சேர வேண்டுமானால், நிறைய வண்டிகளைத் தெருமுனைகளில் காத்திருக்க வைக்க வேண்டும். ஒரு வண்டி இரண்டு பணியாளர்களோடு ஒரு மணி நேரம் சாலையில் நிற்பதைத்தான் நிறுவனங்கள் செலவின் அலகாக, அதாவது ஒரு ‘வண்டி மணி’யாக, கணக்கிடுகின்றன. நிமிடத்தைக் குறைக்கக் குறைக்க இந்த வண்டி மணிகள் ஏறிக்கொண்டே போகும்.

சான் மட்டேயோ கவுண்டி 1999-இல் இதற்கு ஒரு மாற்று வழியைக் கண்டது. அங்குள்ள நகரங்களும் தீயணைப்பு மாவட்டங்களும் ஒன்றுசேர்ந்து ஒரு கூட்டு அதிகார அமைப்பை உருவாக்கின. தீயணைப்பு வண்டி ஒவ்வொன்றிலும் ஒரு பாராமெடிக்கை வைத்து, நகர்ப்பகுதியில் 6 நிமிடம் 59 விநாடிக்குள் வருவதாக அவை உறுதி கொடுத்தன. பாராமெடிக் ஏற்கெனவே நோயாளியின் பக்கத்தில் இருப்பதால், தனியார் ஆம்புலன்ஸ் 12 நிமிடம் 59 விநாடிக்குள் வந்தால் போதும் என்று தளர்த்தப்பட்டது. ஆம்புலன்ஸ் நிறுவனத்துக்கு வண்டி மணிகள் மிச்சமாயின. அதற்கு ஈடாக ஒரு தொகை தீயணைப்புத் துறைகளுக்குப் போனது. நோயாளியின் பார்வையில் முதல் பாராமெடிக் முன்பைவிடச் சீக்கிரமாகவே வருகிறார்.

நான் அறிந்தவரையில், முதலில் வரும் குழுவுக்கு நிதி திரட்டும் ஏற்பாடுகளில் தர்க்கம் மிகத் தெளிவாக இருப்பது இதுதான். நேரக் கெடுவில் தளர்வு பெறுபவர் பணம் தருகிறார், விரைந்து வரும் பொறுப்பை ஏற்பவர் பணம் பெறுகிறார். ஆனாலும் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. அந்தத் தொகை தீயணைப்பு வண்டியின் முழுச் செலவை ஒருபோதும் ஈடுகட்டாது. பாராமெடிக்குக்குத் தரும் கூடுதல் ஊதியம், தொடர் பயிற்சி, இதயத்துடிப்பைக் காட்டும் கருவி, மருந்து ஆகிய மேலதிகச் செலவுகளுக்கே அது பெரும்பாலும் சரியாகும். வண்டி, நிலையம், அடிப்படைச் சம்பளம் ஆகியவை நகராட்சியின் பொது நிதியிலிருந்துதான் வர வேண்டும். இன்னொன்று, கொடுக்கும் தொகை உண்மையான செலவைத் தாண்டினால், மெடிகேர் நோயாளிகளைக் கொண்டுசெல்லும் உரிமைக்காகக் கொடுத்த கையூட்டாகக் கூட்டாட்சிச் சட்டத்தின் கீழ் அது பார்க்கப்படலாம். அதனால்தான் இந்த ஒப்பந்தங்களில் செலவுக் கணக்கு இணைப்பாகச் சேர்க்கப்படுகிறது. உங்கள் கவுண்டியின் ஒப்பந்தத்தில் அந்த இணைப்பு இல்லையென்றால், ஏன் இல்லை என்று கேட்பது நியாயமான கேள்வி.

நிமிடத்துக்குப் பணம் வாங்கினால், நிமிடம் தவறும்போது பணம் நிற்கும். பக்கத்துக் கவுண்டியான சான்டா கிளாராவில் அதுதான் நடந்தது. அங்கும் தீயணைப்புத் துறைகளோடு இதே வகையான உடன்படிக்கை இருந்தது. சான் ஹோசே நகரத்தின் தீயணைப்பு வண்டிகள் குறித்த நேரத்துக்குள் போதிய அளவில் வந்துசேரவில்லை என்று கவுண்டி பணத்தை நிறுத்திவைத்தது. நகரமும் கவுண்டியும் நீண்ட காலம் மோதிக்கொண்டன. பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பணியாளர்களைக் குறைத்திருந்த நகரம் அது. ஆள் இல்லாததால் நேரம் தவறுகிறது, நேரம் தவறுவதால் பணம் நிற்கிறது, பணம் நின்றால் ஆள் எடுக்க முடியாது. தனியார் நிறுவனத்துக்கு அபராதம் விதித்தால் அதன் இலாபம் குறையும். நகராட்சிக்கு அபராதம் விதித்தால் சேவையே இளைக்கும். இரண்டுக்கும் ஒரே மாதிரி அபராதப் பிரிவை எழுதுவது சரியல்ல என்று நினைக்கிறேன். நகராட்சிக்கு, நிறுத்திவைத்த தொகையைக் குறையைச் சரிசெய்யும் திட்டத்துக்கே செலவிடலாம் என்று எழுதுவது நல்லது.

அடுத்தது வரி. கலிஃபோர்னியாவில் 1978-இல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய 13 ஆம் முன்மொழிவு சொத்து வரியைக் கட்டிப்போட்டது. 1996-இல் வந்த 218 ஆம் முன்மொழிவு, உள்ளூர் வரியையும் சொத்தின் மீதான சுமையையும் மக்கள் வாக்கில்லாமல் உயர்த்த முடியாதபடி செய்தது. குறிப்பிட்ட நோக்கத்துக்கான வரிக்கு, அதை உள்ளூராட்சியே வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தால், மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும். கான்ட்ரா கோஸ்டா கவுண்டியில் 1988-இல் வாக்காளர்கள் ஆதரித்த ‘மெஷர் எச்’ என்ற ஏற்பாட்டின்படி, கவுண்டியின் பெரும்பகுதியில் ஒரு தனி வீட்டுக்கு ஆண்டுக்கு 10 டாலர் வசூலாகிறது. தீயணைப்புக் குழுக்களின் பாராமெடிக் சேவைக்கும் கருவிகளுக்கும் பயிற்சிக்கும் அது பயன்படுகிறது. விலைவாசியோடு சேர்ந்து உயரும் ஏற்பாடு அதில் இல்லை. 1988-இன் பத்து டாலரும் இன்றைய பத்து டாலரும் ஒன்றல்ல என்பதை விளக்க வேண்டியதில்லை.

வாஷிங்டன் மாநிலத்தின் கிங் கவுண்டி, அதாவது சியாட்டிலும் சுற்றுப்புறமும், வேறு பாதையில் போனது. சொத்து மதிப்பில் ஆயிரம் டாலருக்கு 50 சென்ட்வரை அவசர மருத்துவத்துக்கென்றே வரி விதிக்க அந்த மாநிலச் சட்டம் இடம் தருகிறது. கிங் கவுண்டி 1979 முதல் இந்த வரியை வாக்காளர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டுப் புதுப்பித்துவருகிறது. 2020 முதல் 2025 வரையிலான ஆறு ஆண்டுகளுக்கு அது ஆயிரத்துக்கு 26.5 சென்ட்டாகத் தொடங்கியது. பாராமெடிக் சேவைக்கான பணம் அந்த வரியிலிருந்து வருவதால் நோயாளிக்குப் பில் அனுப்புவதில்லை. முதலில் வரும் தீயணைப்புக் குழுக்களுக்கு ஒரு பகுதி பங்கீடாகப் போகிறது, மீதியைத் தீயணைப்புத் துறைகளே ஏற்கின்றன. அந்தப் பகுதியில் இதயம் நின்றவர்கள் பிழைக்கும் விகிதம் நாட்டிலேயே உயர்ந்தவற்றுள் ஒன்றாகப் பல ஆண்டுகளாகச் சொல்லப்படுகிறது. அதற்குப் பொதுமக்களுக்கு அளித்த பயிற்சி உட்படப் பல காரணங்கள் உண்டு. வரியை மட்டும் காரணமாகச் சொல்வது மிகையாகும். ஆனால், தயார்நிலைக்கு வரி, சிகிச்சைக்குக் கணக்குப் பார்க்காமை என்ற கொள்கை அங்கே வேலை செய்கிறது என்பது உறுதி.

ஒப்பந்தத்தில் இழப்பை யார் தாங்குவது என்பதையும் பார்க்க வேண்டும். பழைய முறையில் நிறுவனம்தான் பில் அனுப்பி, வசூலித்து, இலாப நட்டத்தை ஏற்கும்; கவுண்டி மானியம் எதுவும் தராது. காப்பீடுள்ளவர்களிடம் வசூலாகும் தொகையே காப்பீடற்றவர்களின் செலவையும் தாங்க வேண்டும். மாநிலத்தின் ஏழைகளுக்கான திட்டமான மெடிகால் ஓர் அவசரப் பயணத்துக்குத் தந்த அடிப்படைத் தொகை நீண்ட காலம் ஏறத்தாழ 118 டாலராகவே இருந்தது. ஏலத்தில் வெல்வதற்காக நிறுவனங்கள் வசூலை மிகையாகக் கணித்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணங்கள் உண்டு. அலமேடா கவுண்டியில் 2011-இல் வந்த பாராமெடிக்ஸ் பிளஸ் நிறுவனம் நட்டத்தில் ஓடுவதாகச் சொன்னது. கவுண்டி நிபந்தனைகளைத் தளர்த்த வேண்டியிருந்தது. 2019-இல் ஃபால்க் நிறுவனம் அந்த இடத்துக்கு வந்தது. சான்டா கிளாராவில் 2011-இல் ஏ.எம்.ஆர். என்ற ஆம்புலன்ஸ் நிறுவனத்தை வென்று உள்ளே வந்த ரூரல்/மெட்ரோ நிறுவனம் 2013-இல் திவால் பாதுகாப்பு கேட்டது; 2015-இல் ஏ.எம்.ஆரின் தாய் நிறுவனமே அதை வாங்கிவிட்டது. ஏலத்தில் தோற்றவர் கொல்லைப்புற வழியாகத் திரும்பி வந்த கதை அது. ஆம்புலன்ஸ் நிறுவனம் தள்ளாடினால் முதலில் வரும் குழுவுக்கு அது தரும் தொகையும் தள்ளாடும் என்பதால், தீயணைப்புத் துறைகளுக்கும் இது வெளி விவகாரம் அல்ல.

இதற்கு மாற்றாகக் கான்ட்ரா கோஸ்டாவில் 2016 ஜனவரி முதல் கூட்டணி முறை நடக்கிறது. கவுண்டியோடு ஒப்பந்தம் செய்திருப்பது தீயணைப்பு மாவட்டம், ஏ.எம்.ஆர். அதன் துணை ஒப்பந்ததாரர். நோயாளிக்கு மாவட்டமே பில் அனுப்புகிறது. நிறுவனத்துக்கு வண்டி மணிக் கணக்கில் கூலி கொடுக்கிறது. வசூல் குறைந்தால் இழப்பு மாவட்டத்துக்கு, மிகுந்தால் சேமிப்பும் மாவட்டத்துக்கே. பில் அனுப்புவது அரசு அமைப்பாக இருந்தால், மெடிகால் நோயாளிகளுக்கான செலவில் ஈடாகாத பகுதிக்குக் கூட்டாட்சியின் பங்கைக் கூடுதலாகப் பெறும் வழிகள் திறக்கின்றன; 2011-இல் சட்டமாகி, 2023-இல் வேறு வடிவம் பெற்ற இந்த ஏற்பாட்டில் அரசு அமைப்புகளுக்குக் கிடைப்பது தனியாருக்குக் கிடைப்பதைவிட வெகுவாக அதிகம். சான் டியேகோ நகரமும், 2021 இறுதியில் பொறுப்பேற்ற ஃபால்க் நிறுவனம் சொன்ன அளவு வண்டி மணிகளைத் தர முடியாமல் போன பிறகு, 2023-இல் இதே முறைக்கு மாறியது. பல நகரங்கள் இப்போது இதை விரும்புவதில் சேவை நோக்கத்தைவிட இந்தக் கூட்டாட்சிப் பணத்தின் ஈர்ப்பு பெரிது என்று சந்தேகிக்கிறேன். அதில் தவறில்லை, ஆனால் அந்த நிதி விதி மாறினால் என்ன செய்வது என்பதற்கு ஒரு கையிருப்பு நிதி இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

இப்போது உங்கள் நகர மன்றத்தின் கட்டணத்துக்கு வருவோம். தீயணைப்பு வண்டி வந்து நோயாளியைப் பார்த்ததற்காக நோயாளிக்கோ அவருடைய காப்பீட்டுக்கோ அனுப்பப்படும் பில் இது. மாநில அரசியலமைப்பில் 2010-இல் 26 ஆம் முன்மொழிவு செய்த மாற்றத்தின்படி, சேவைக் கட்டணம் அந்தச் சேவையின் நியாயமான செலவைத் தாண்டக் கூடாது; தாண்டினால் அது வரியாகி, மக்கள் வாக்கு தேவைப்படும். ஆகவே, மன்றத்தின் முன் செலவு ஆய்வறிக்கை ஒன்று வைக்கப்பட்டிருக்க வேண்டும். அதில் பார்க்க வேண்டியது, எந்தச் செலவை அடிப்படையாக எடுத்திருக்கிறார்கள் என்பதைத்தான். வண்டியின் முழுச் செலவையும் மருத்துவ அழைப்புகளால் வகுத்திருந்தால், ஏற்கெனவே சொத்து வரியாகக் கொடுத்ததையே மீண்டும் உங்களிடம் கேட்கிறார்கள். பாராமெடிக்குக்கான மேலதிகச் செலவை மட்டும் எடுத்து, அதிலிருந்து ஆம்புலன்ஸ் நிறுவனம் தரும் தொகையையும் தனி வரியின் பங்கையும் கழித்திருந்தால், மிஞ்சும் தொகையைக் கேட்பதில் நியாயம் உண்டு.

மெடிகேர் இந்தக் கட்டணத்தைத் தனிச் சேவையாக ஏற்பதில்லை. எனவே முதியவர்களுக்கு என்ன செய்யப்போகிறார்கள் என்பது தீர்மானத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். நகரவாசிகள் கட்டும் வரியையே அவர்களுடைய பங்காகக் கொண்டு, காப்பீட்டுக்கு மட்டும் பில் அனுப்பும் முறை அமெரிக்காவில் பல ஊர்களின் ஆம்புலன்ஸ் சேவைகளில் இருக்கிறது. அரசே நடத்தும் சேவையில் அதைக் கூட்டாட்சி அதிகாரிகள் அனுமதித்திருக்கிறார்கள். அதையே இங்கும் கேட்கலாம். வறியவர்களுக்குத் தள்ளுபடி உண்டா, கட்டாத பில் வசூல் முகவர்களிடம் போகுமா என்பவற்றையும் கேளுங்கள். மூச்சுத்திணறும்போது பில்லுக்குப் பயந்து 911-ஐ அழைக்கத் தயங்கும் ஒருவர் உருவானால், அந்தக் கட்டணம் தன் நோக்கத்துக்கே எதிராக வேலை செய்கிறது.

ஆம்புலன்ஸ் பில் தனி விஷயம். எதிர்பாராத மருத்துவப் பில்களைத் தடுக்க 2022-இல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிச் சட்டம் வான்வழி ஆம்புலன்ஸைச் சேர்த்து, தரைவழி ஆம்புலன்ஸை விட்டுவிட்டது. 2024 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள ஏ.பி. 716 என்ற கலிஃபோர்னியச் சட்டம், மாநில ஒழுங்குமுறையின் கீழ் வரும் காப்பீடு உள்ளவர்களிடம், அவர்களுடைய காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் இல்லாத ஆம்புலன்ஸாக இருந்தாலும், ஒப்பந்தம் இருந்தால் கட்ட வேண்டிய பங்குக்கு மேல் கேட்கக் கூடாது என்கிறது. பெரிய நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்குத் தாமே பணம் போட்டு நடத்தும் காப்பீடுகள் கூட்டாட்சி ஒழுங்குமுறையின் கீழ் வருவதால், இந்தப் பாதுகாப்பு அவற்றை எட்டாது. உங்கள் காப்பீடு எந்த வகை என்பதைப் பணியிடத்தின் மனிதவளப் பிரிவில் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு அந்தப் பில்லுக்குப் பணம் கட்டுங்கள்.